ரப்பர் பாலில் ஒட்டிய கூப்பன்

இரும்புப் பாலத்தைத் தாண்டியபோது மணி இரண்டு இருக்கும். பின்னால் பத்தாங்கட்டைத் தோட்டம், முன்னால் ரந்தாவ் போகும் சடக்கு. கையில் துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை, பாதி தேய்ந்த பென்சில். வெயிலில் தார் இளகிக் கிடந்ததால் ஓரத்துப் புல்லில் நடந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் பழகிய காரியம். அது என் ஒன்பதாவது வேலை.

இப்போது எல்லாவற்றையும் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இருந்ததுதான் கடைசி வேலை. ஓய்வுபெற்ற நாளில் உடன் வேலை செய்தவர்கள் பிரியாணி வாங்கி வைத்து, மொத்தம் எத்தனை வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். விரல் விட்டு எண்ணினேன், இருபத்து மூன்று வந்தது.

"அங்கிள், எதுலதான் நெலைச்சு நின்னீங்க?" என்றான் ஒருவன்.

"குறுக்கெழுத்துல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையைத் தேடிப் பிடித்து அந்தக் கட்டங்களை நிரப்பாமல் நான் இருந்ததில்லை. அதனால் எனக்கு ஒரு பரிசும் கிடைத்ததில்லை. கிடைத்திருக்க வேண்டிய ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். அந்தக் கதைதான் இது.

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. அப்பா இறந்த மாதத்தில் புல் வெட்டப் போய்விட்டேன். படிக்கக் கற்றுக்கொண்டது மளிகைப் பொட்டலங்களில். கருவாடு சுற்றிவந்த தாளில் ஒருநாள் பாதிக் குறுக்கெழுத்து இருந்தது. மீதிப் பாதி பக்கத்து வீட்டுக் கருவாட்டோடு போயிருந்தது. போய்க் கேட்டு வாங்கி வந்தேன். அன்று பிடித்த பைத்தியம். போர்ட்டிக்சனில் படகுத்துறையில் மூட்டை தூக்கியபோது படகின் உறுப்புகளுக்கெல்லாம் பேர் தெரிந்துகொண்டேன். சிரம்பானில் நகைக்கடை கூட்டியபோது கல்லும் மணியும் தெரிந்தன. லாரியில் கூடப் போகும் ஆளாக இருந்தபோது ஊர்ப் பெயர்கள். படித்தவர்களுக்குச் சொல் புத்தகத்திலிருந்து வருகிறது. எனக்கு முதுகில் ஏறி இறங்கியவை அதிகம்.

பத்தாங்கட்டைக்கு நான் வந்தது முப்பத்தொரு வயதில், பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் இறக்க. அங்கே ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. விடியுமுன் ஐந்தரை மணிக்கு எல்லாரும் ஆபீசுக்கு முன்னால் கூடுவோம். அதைப் பிரட்டு என்போம். பேர் கூப்பிட்டு யாருக்கு எங்கே வேலை என்று சொல்வார். அவருக்கும் என் பைத்தியம்தான். ஆனால் ஒரு கிராணி தொழிலாளியிடம் விடை கேட்கலாமா? நேராகக் கேட்க மாட்டார். பேர் கூப்பிடுவதோடு சேர்த்துவிடுவார்.

"ராமாயி."

"இருக்கேங்க."

"பன்னெண்டாம் நம்பர் காடு. ராமாயி, அம்மிக்குத் துணை, மூணெழுத்து."

"குழவிங்க."

"ம்" என்று சொல்லிக் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுப்பார். எழுதிவிட்டு மறுபடி காதில் சொருகுவார். விடை சொன்னவருக்கு அந்த வாரம் மேடு இல்லாத மர நிரை கிடைக்கும். இது எங்கும் எழுதி வைத்த விதியல்ல, ஆனால் எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமைப் பிரட்டுக்கு ஆள் குறையாத ஒரே தோட்டம் எங்கள் தோட்டம்தான். நான் வந்த மூன்றாம் வாரத்திலிருந்து சமதரையைத் தவிர வேறெங்கும் மரம் வெட்டவில்லை. எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு அது பொறுக்காது.

"இவன் உளியால வெட்டுறானா, வாயால வெட்டுறானா?" என்பான்.

கிராணியிடம் ஒரு முறை இருந்தது. எந்தக் கட்டத்தையும் ஒரு பக்கத்தை மட்டும் நம்பி மையில் எழுத மாட்டார். "குறுக்க ஒரு சாட்சி, கீழ ஒரு சாட்சி. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் மை" என்பார். அதுவரை பென்சில்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மனத்துக்குள் எழுதி மனத்துக்குள்ளேயே அழித்துவிடுவேன்.

புஷ்பம் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் இருந்தாள். புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஐந்து வயதில் ஒரு மகள். புஷ்பம் மருந்து அடிக்கும் கூட்டத்தில் இருந்தாள். ஏழு பெண்கள், முதுகில் ஆளுக்கொரு பம்பு, மரத்தடிப் புல்லையும் லாலான் களையையும் கொல்லும் மருந்து. அந்தக் காலத்தில் கையுறையும் கிடையாது, முகமூடியும் கிடையாது. அவளுக்கு வலது கையில் இரண்டு நகம் கறுத்துக் கழன்றிருந்தது. மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வரும். தலையை அண்ணாந்து சற்று நேரம் நிற்பாள், பிறகு பம்பைத் தூக்குவாள். இதையெல்லாம் அவள் ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஒன்று மட்டும் சொல்வாள். "குளிச்சிட்டு வந்தாலும் மருந்து நாத்தம் போவல அண்ணே. பிள்ள கிட்ட வரமாட்டேங்குது."

வேறு வேலை கேட்டால் காலி இல்லை என்பார்கள். பால் வெட்டுக்கு ஒரு இடம் காலியானால் மண்டோரின் மச்சான் குமார் அதற்கு முதல் ஆளாகக் காத்து நின்றான். ஆனால் புஷ்பத்துக்குத் தைக்கத் தெரியும். ரந்தாவில் ஒரு தையல்கடையில் கொஞ்ச நாள் இருந்தவள். சொந்தமாக ஒரு மிஷின் இருந்தால் தோட்டத்துப் பெண்களின் ரவிக்கை தைத்தே பம்பை இறக்கி வைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. அந்த நேரத்தில்தான் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. பெருநாள் சிறப்புக் குறுக்கெழுத்து, முதல் பரிசு தையல் இயந்திரம்.

ரந்தாவுக்கு நடந்து போய்ப் பத்திரிகையை வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, எனக்கு ஒரு தாளுதான். ஒரு கூப்பன்தான். தப்பா எழுதிறாதீங்க."

"எழுதினா?"

"சோத்துல மருந்து கலந்துருவேன்" என்று சிரித்தாள்.

மூன்று நாளில் எல்லாக் கட்டமும் நிறைந்தது, ஓர் இடத்தைத் தவிர. குறுக்கே பதினொன்று: 'விடியலில் மரத்திலிருந்து சொட்டும், வெயில் ஏறினால் நின்றுவிடும்.' இரண்டு எழுத்து. செவ்வாய்க்கிழமைப் பிரட்டில் கிராணி பேரே கூப்பிடாமல் பொதுவாகக் கேட்டார். அறுபது பேரும் ஒரே குரலில் "பாலு!" என்று கத்தினார்கள். கத்தாமல் எப்படி? விடியலில் மரம் வெட்டி, பால் சொட்டுவதைப் பார்த்துச் சோறு தின்கிற கூட்டம். வெயில் ஏறினால் பால் நிற்கும் என்பது எங்கள் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எனக்கு மட்டும் ஒட்டவில்லை. பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து இதை எழுதியவர் மரம் வெட்டியிருப்பாரா? அவருக்குத் தெரிந்த மரத்திலிருந்து விடியலில் சொட்டுவது பனியாகத்தான் இருக்கும். பால், பனி இரண்டும் இரண்டெழுத்து. இரண்டாம் கட்டத்துக்குக் கீழே கறுப்புக் கட்டம், அங்கே சாட்சி கிடையாது. முதல் கட்டத்தின் வழியாக மட்டும் ஒரு சொல் கீழே இறங்கியது. அதற்கு மூன்று எழுத்து, கடைசி இரண்டும் 'டம்' என்று ஏற்கெனவே கிடைத்திருந்தது. குறிப்பு இதுதான்: 'பிள்ளைகள் ஆவலோடு காத்திருப்பது.'

கிராணி அதைப் பாடம் என்று முடிவு செய்திருந்தார். பாடம் என்றால் பால். இரண்டு சாட்சியும் ஒத்துப்போய்விட்டது. மையில் எழுதிவிட்டார்.

மரத்தடியில் உட்கார்ந்து நான் யோசித்தேன். மரம் வெட்டி முடித்ததும் பால் எடுக்கும்வரை எங்களுக்கு ஓய்வு உண்டு. என் குறுக்கெழுத்தெல்லாம் அந்த நேரத்தில்தான். பாடத்துக்கு ஆவலோடு காத்திருந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. நானே ஒரு பிள்ளையாக இருந்தவன். தோட்டத்துத் திடலில் மாதம் ஒருமுறை திரை கட்டிப் படம் போடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே பாயைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காத்திருப்பது என்றால் அதுதான். படம். அப்படியானால் முதலெழுத்து 'ப'. அப்படியானால் பனி.

அன்று சாயங்காலம் புஷ்பத்திடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ஊரே பாலுங்குது. கிராணி ஐயா மையில எழுதிட்டாராம். நீங்க மட்டும் பனிங்கிறீங்க."

"ஒம் மகளக் கேளு. பாடத்துக்குக் காத்திருக்குமா, படத்துக்குக் காத்திருக்குமான்னு."

அவள் உண்மையாகவே மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள். "படம் எப்பம்மா?" என்று அது பதில் கேள்வி போட்டது. புஷ்பம் தாளை என் கையில் கொடுத்துவிட்டாள். "பனியே எழுதுங்க."

மறுநாள் புதன்கிழமை. தபால் பை பத்து மணிக்குக் கிளம்பும், அதைத் தவறவிட்டால் கடைசித் தேதி போய்விடும். கட்டத்தை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டி, பேரும் விலாசமும் எழுதி அனுப்ப வேண்டும் என்பது பத்திரிகையின் நிபந்தனை. மரம் வெட்டி முடித்து, புஷ்பத்தின் மகள் எழுதும் புத்தகத்திலிருந்து கிழித்த தாளை மடியில் வைத்து, நிதானமாக மையில் எல்லாம் எழுதினேன். ஒட்டக் கோந்து இல்லை. ஆபீசில் ஒரு பாட்டில் உண்டு. போய்க் கேட்டால் கிராணி தாளைக் காட்டச் சொல்வார். பனியையும் படத்தையும் பார்த்துவிடுவார். அவரை நான் ஜெயிக்கப் போகிற ஒரே வாரம். நான் போகவில்லை.

பக்கத்து மரத்தின் மங்குக் கிண்ணத்தில் பால் வெள்ளையாக நிறைந்துகொண்டிருந்தது. பால் வெட்டுகிறவன் எவனும் காசு கொடுத்துக் கோந்து வாங்கமாட்டான். கிழிந்த செருப்பு, பிள்ளைகளின் புத்தகம், ஓட்டைக் குடை, எல்லாவற்றுக்கும் மங்கில் விரலை விடுவதுதான் வழக்கம். நானும் விட்டேன். தாராளமாகத் தடவினேன். காய நேரமில்லை. நான்காக மடித்து உறையில் போட்டு, அந்த உறையையும் பாலாலேயே ஒட்டி, ஓடிப்போய்த் தபால் பையில் சேர்த்தேன்.

இரண்டு ஞாயிறு கழித்து விடை வந்தது. திங்கட்கிழமைப் பிரட்டில் கிராணி பத்திரிகையை விரித்தார். "குறுக்கே பதினொன்று, பனி. கீழே, படம்" என்று வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். புஷ்பம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்ததால் கூட்டம் கைதட்டியது. "எனக்கு ரெண்டு ரவிக்க, கடனுக்குத் தைக்கணும்" என்று ராமாயி அப்போதே சொல்லி வைத்தாள். கிராணி கையை உயர்த்தி மீதியையும் வாசித்தார். அனைத்தும் சரியாக எழுதியவர் எவருமில்லை. ஒரே பிழையோடு எழுதிய பேராக் மாநில வாசகி ஒருவருக்குத் தையல் இயந்திரம்.

பிரட்டு கொதித்துவிட்டது. பத்திரிகைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்கள். என் பேரில் கடுப்பாக இருந்த மண்டோர்கூட மகஜர் எழுத வேண்டும் என்றான். கிராணி மட்டும் அன்று மத்தியானமே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகையையும் கிராணியையும் தவிர எல்லாரையும் அந்த வாரம் நான் நம்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. பாலை எடை போட்டுவிட்டு வந்த என்னையும், சோற்று நேரத்தில் வந்திருந்த புஷ்பத்தையும் ஆபீஸ் சன்னலுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் எங்கள் உறை இருந்தது. உறை என்று சொல்ல முடியாது. பழுப்பேறி, வெற்றிலைச் சுருள்போல் சுருண்டு கிடந்தது. ஒரு பக்கம் கத்தியால் கிழித்திருந்தார்கள். பத்திரிகை ஆபீசின் குறிப்பை அவர் வழக்கமான குரலில் வாசித்தார்.

"தங்கள் உறையைத் திறக்க நாங்கள் எடுத்த முயற்சிகள் பலனளிக்கவில்லை. கத்தியால் பிரித்தபோது எழுத்துகள் யாவும் எதிர்ப்பக்கத் தாளோடு உரிந்துவந்துவிட்டன. ஆகவே போட்டியில் சேர்க்க இயலவில்லை. தாளை ஒட்டத் தாங்கள் பயன்படுத்திய பொருள் யாது என அறிய எங்கள் அலுவலகத்தில் பலரும் ஆவலாக உள்ளனர்."

கிராணி அந்தச் சுருளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகம் சுளித்தது.

"பாலு" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"கடைசியில ஊரே சொன்ன விடைதான் வந்துருச்சு சூசை. இங்க கோந்து பாட்டில் இருக்கு. கேட்டா நான் கடிச்சா தின்னுருவேன்?"

முதலில் சிரித்தவள் புஷ்பம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அந்தச் சுருளை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே எங்கேயோ அவள் பேர் பாதி தலைகீழாகத் தெரிந்தது. "பரவால்ல, வுடுங்கண்ணே. வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள். மத்தியானக் காட்டுக்கு மணி அடித்தது. பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

திட்டியிருந்தால் நான் இருந்திருப்பேன். திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்தேன். அப்படித்தான் இரும்புப் பாலத்தைத் தாண்டினேன்.

சடக்கு முனையில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கோப்பிக் கடை உண்டு. பஸ் அங்கேதான் நிற்கும். கோப்பி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சிரம்பான் போவதா லிங்கி போவதா என்று முடிவாகவில்லை. அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் சடாரென்று வந்து நின்றது. மண்டோரின் மச்சான் குமார். என் பையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அண்ணே! பையோட எங்க கிளம்பிட்டீங்க?"

"போறேன்டா."

"ஒரேயடியாவா?"

"ஆமா."

"அலாமா, முன்னமே சொல்லக் கூடாதா!" அவன் என் எதிரில் உட்கார்ந்து கோப்பிக்குக் கை காட்டினான். "இருங்க, இது என் கணக்கு. ஒங்க மர நெர எனக்குத்தாண்ணே. மச்சான் எப்பவோ சொல்லிட்டாரு. காலையில பிரட்டுல பேர் கூப்பிட்டு நீங்க இல்லன்னா வெட்டிருவாங்க. வெட்டுனதும் என் பேரு."

"பேர் வெட்டாம இருந்தா?"

"வெட்டாம இருந்தா ஒங்க நெரதான். நீங்கதான் போறீங்களே!" என்று என் தோளில் தட்டினான். நல்ல பையன்தான், அவன்மேல் குற்றமில்லை.

கோப்பியைக் குடித்து முடித்தேன். சிரம்பான் பஸ் வந்தது. குமார் எழுந்து எனக்காகக் கை காட்டி நிறுத்தினான். நான் ஏறவில்லை. "சாமான் ஒண்ணு மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தேன். எட்டு வேலையில் ஒரு தடவைகூட நான் செய்யாத காரியம்.

மறுநாள் பிரட்டில் குமார் புது உளியோடு முன்வரிசையில் நின்றான். என்னைப் பார்த்ததும் உளியை முதுகுப் பக்கம் மறைத்தான். கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வந்தார்.

"சூசை."

"இருக்கேங்க."

மண்டோர் திரும்பிப் பார்த்தான். நான் முன்னால் வந்தேன்.

"ஐயா, என் நெரய மாத்திக்கணும். புஷ்பம் என் மரத்த வெட்டட்டும். நான் அது பம்பத் தூக்குறேன்."

வேலையில் இருக்கிற இரண்டு பேர் மனமொத்தால் வேலை மாற்றிக்கொள்ளலாம் என்று தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆனால் யாரும் நல்ல நிரையைக் கொடுத்துப் பம்பை வாங்கியதில்லை.

"அவன் நேத்தே ஓடிப்போனவன் ஐயா" என்றான் மண்டோர். "நாளைக்கு மறுபடி ஓடிருவான்."

கிராணி யோசித்தார். "ஓடுனா பம்புதான் காலியாகும். நெர ஓடாது" என்றார். பிறகு, "புஷ்பம், வெட்டத் தெரியுமா?"

"கலியாணத்துக்கு முன்ன நாலு வருசம் வெட்டுனேங்க."

"சூசை, உளியக் கொடு."

ஆபீசுக்குப் பக்கத்து மரத்துக்கு அவளைக் கூட்டிப்போய் விளக்கைப் பிடித்தார். வெட்டு ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் வராது. அவள் உளியைப் பட்டையில் வைத்தாள். நகம் இல்லாத விரலைத் தள்ளி வைத்துப் பிடித்து, ஒரே இழுப்பில் கோட்டை இறக்கினாள். கிராணி கீழே விழுந்த பட்டைச் சீவலை எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தார். வெட்டின்மேல் விரலை ஓட்டினார். பால் வரிசையாகத் துளிர்த்து இறங்கியது.

"காயமில்ல" என்று சொல்லி மையில் எழுதினார்.

புஷ்பம் என்னிடம் வந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. "ஒங்களுக்கென்ன பைத்தியமா?" என்றாள்.

"ஒரே மரத்தையே பாத்து அலுத்துப்போச்சு" என்றேன். அதில் பாதி உண்மையும் இருந்தது.

அவள் தன் தலைத்துணியை அவிழ்த்து என் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். "மருந்து கலக்குற குச்சியக் கையால தொடாதீங்க. காத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டே நடங்க. வாயத் தொறந்து யாருக்கும் விடை சொல்லாதீங்க" என்றாள். பிறகு என் வாளியையும் உளியையும் எடுத்துக்கொண்டு சமதரைக் காட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். வெளுக்குமுன் முதல் மரத்தை வெட்டியாக வேண்டும். திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

பெண்கள் சிரித்துக்கொண்டே பம்பைத் தூக்கி என் முதுகில் வைத்தார்கள். நான் நினைத்ததைவிடக் கனம். வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஆறு பெண்களுக்குப் பின்னால் ஏழாவது ஆளாக நடந்தேன்.